ஈட்டுக் கடனும் பக்கத்தில் கிடக்கும் காசும்

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்து நிற்பவர்களோடு பிளேன்ரீ குடித்தால் பேச்சு மோட்கேஜுக்குத் திரும்பிவிடும். வேலை போய் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, வீட்டுக் கடன் ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுண்ஸ். ஒஃப்செற் கணக்கிலை இருபதாயிரம் கிடக்கு. வட்டி ஒரு லட்சத்துக்குத்தான் கட்டிறன். பிறகென்னெண்டு என்னட்டைக் காசு கிடக்கெண்டு சொல்லுவினம்?"

நியாயமான கேள்விதான். வங்கி அந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது வட்டி போடுவதற்கு மட்டும். உதவிப்பணக் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு. கடன் நிற்பது வீட்டின் மேல். சேமிப்பின் மேல் அல்ல. குடியிருக்கும் வீட்டைச் சொத்தாக எண்ணுவதில்லை என்பதால், அதன் மேலுள்ள கடனும் கணக்குக்கு வருவதில்லை. மிஞ்சுவது அந்த இருபதாயிரம்.

தம்பி விண்ணப்பித்த யூனிவர்சல் கிரெடிற் என்ற உதவிப்பணத்தில் சேமிப்பு 16,000 பவுண்ஸைத் தாண்டினால் ஒரு சதமும் இல்லை. 6,000 வரை தொடமாட்டார்கள். இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுண்ஸுக்கும் மாதம் 4.35 வருமானம் வருகிறதென்று வைத்துக் கழிப்பார்கள். 9,000 கிடந்தால் மாதம் 52.20 போய்விடும். வருடத்துக்குப் பார்த்தால் இது நூற்றுக்கு இருபது வீதத்துக்கும் மேல். ஒஃப்செற் கணக்கோ வட்டியே தராது. வராத வருமானத்தைக் கழிப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்; 2006இல் வந்த இந்த எல்லைகளை விலைவாசி இவ்வளவு ஏறியும் உயர்த்தவில்லை. ஓய்வூதிய வயதினருக்கான பென்சன் கிரெடிற் கொஞ்சம் இளக்கம்: 10,000 வரை விடுவார்கள், அதற்கு மேல் 500க்கு வாரம் ஒரு பவுண், உச்ச எல்லை கிடையாது.

அதே இருபதாயிரத்தைக் கடனிலேயே கட்டியிருந்தால்? கடன் ஒரு லட்சம், சேமிப்பு பூச்சியம், வட்டி முன்போலத்தான். ஆனால் தம்பிக்கு வாசல் திறந்திருக்கும். உதவிப்பணத்துக்காகக் காசை வேண்டுமென்று இல்லாமல் செய்தால் பிடிப்பார்கள். கடன் அடைப்பதை அப்படிக் கொள்வதில்லை என்று யூனிவர்சல் கிரெடிற்றின் 2013ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆனால் கட்டிய காசு அவசரத்துக்குத் திரும்பிவராது. ஊரில் ஒரு செத்தவீடென்றால் விமானச்சீட்டுக்கும் கடன்தான். அதனால் முழுவதையும் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே இலங்கையில் 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும உதவிப்பணம் வேறு மாதிரி. வீடு, காணி, வாகனம், மின்சாரப் பாவனை என்று 22 குறிகாட்டிகள். இங்கே வீட்டைப் பார்க்கிறார்கள், அங்கே வங்கிப் புத்தகத்தை.

தம்பி கேட்காத ஒன்றையும் சொன்னேன். மனைவி பெயரில் உரும்பிராயில் நாலு பரப்புச் சீதனக் காணி இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிற்றில் கணவன் மனைவி சொத்து ஒன்றாகவே எண்ணப்படும்; கடல் கடந்து கிடந்தாலும் விடமாட்டார்கள். இங்கத்தைய சந்தை விலையில் விற்கும் செலவுக்கென்று பத்து வீதம் கழியும். அந்தக் காணியையே ஈடு வைத்திருந்தால் அந்த ஈட்டுக் கடனும் கழியும், ஏனென்றால் அது அந்தக் காணியின் மேலேயே நிற்கிறது. வெறுங்காணியாக இல்லாமல் வீடிருந்து, பிரித்தானிய ஓய்வூதிய வயதைத் தாண்டிய மாமியார் அதில் குடியிருந்தால் அந்த வீட்டை எண்ணமாட்டார்கள். விற்க முயல்கிறோம் என்று காட்டினால் ஆறு மாதம் அவகாசம் உண்டு. எதுவானாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். பிறகு தெரியவந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.