பழைய வானும் வேறு எஞ்சினும்

பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் இவ்வேற்றத்தில் பழைய சிறு வான் தளர்வுறின், வலிய எஞ்சினொன்றை அதிற் பொருத்த விழைதல் இயல்பே. ஆயினும் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமன்றோ?

மொரிஸ் மைனர் வண்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1948இல் அது 918 சீ.சீ. எஞ்சினுடன் வெளிவந்தது. 1952இல் மொரிஸ், ஒஸ்டின் நிறுவனங்கள் இணைந்தபின், ஒஸ்டினின் 803 சீ.சீ. எஞ்சினை ஆக்கியோரே அதிற் பொருத்தினர். 1956இல் அது 948 சீ.சீ. ஆயிற்று, 1962இல் 1,098 சீ.சீ. ஆயிற்று. அவ்விறுதி மாற்றத்தின்போது முன்சக்கரப் பிரேக்கையும் 7 அங்குலத்தினின்று 8 அங்குலமாக்கினர்.

இதன் காரணம் யாதெனின், வேகம் இருமடங்காயின் இயக்க ஆற்றல் நான்மடங்காகும். வண்டியை நிறுத்துங்கால் அவ்வாற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகும். நெடிய இறக்கத்தில் மிகச் சூடேறிய பிரேக்கு பிடிப்பை இழக்கும். ஆதலின் எஞ்சினை மாற்றுவோர் பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றுதல் வேண்டும். புதிய எஞ்சின் இலக்கத்தை வாகனப் பதிவிற் சேர்ப்பித்தலும் வேண்டும். தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அவ்வானிலேயே பயணஞ் செய்வர் என்பதை மறத்தலாகாது.