உள்ளம் சொன்னால் உண்மையாமோ?

தம்பி! "நீ எதற்கும் உதவாதவன்" என்று ஊரான் சொன்னால், "ஆதாரம் என்ன?" என்று சீறுகிறோம். அதையே உள்ளம் சொன்னால் ஒடுங்கிக் கிடக்கிறோமே, ஏன்?

பிலடெல்பியா நகரத்து மனநோய் மருத்துவர் ஆரன் பெக், 1960-களில் மனச்சோர்வுற்றோரிடம் கண்டது இதைத்தான். தோற்றேன், தோற்பேன், தேறமாட்டேன் — அழைக்காமலே நுழையும் எண்ணங்கள்! அவற்றைத் தாளில் எழுதச் சொன்னார். சான்று எங்கே என்று கேட்கச் செய்தார். குறுக்கு விசாரணையேதான்!

அதே அமெரிக்காவில், 1979-இல், மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் துடித்தோருக்கு ஜான் கபாட்-ஜின் தியானம் பழக்கினார். பௌத்தம் வளர்த்த பயிற்சி. ஆனால் பூசையில்லை, மந்திரமில்லை, காணிக்கையுமில்லை! மூச்சைக் கவனி, எண்ணம் வந்தால் வந்ததென்று அறி, மூச்சுக்குத் திரும்பு. அவ்வளவே.

கூலியைக் குறைத்தவனை விட்டுவிட்டுக் கண்ணை மூடு என்கிறேனா? இல்லை, தம்பி! கூலி குறைந்தது உண்மை. அதற்குச் சங்கம் இருக்கிறது. "ஆகவே நான் கையாலாகாதவன்" என்பது வெறும் எண்ணம்; அதை இரவில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டால், மருத்துவரிடம் போ; கூச்சம் வேண்டாம்.