அரிசிக்குப் பருப்பு துணை: ரேஷன் கணக்கில் விடுபட்ட லைசின்

புரதம் என்றதும் எத்தனை கிராம் என்றுதான் கேட்கிறோம்; அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. உடல் புரதம் கட்டுவதற்கு 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் 9 உணவிலிருந்தே வரவேண்டும். இந்த ஒன்பதில் எது குறைகிறதோ, மற்றவை மிஞ்சிக் கிடந்தாலும் வேலை அந்தக் குறைவின் அளவோடு நின்றுவிடும். சோறு தின்னும் ஊரில் அப்படிக் குறைவது லைசின். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 கணக்குப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் லைசின் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,800. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்டால் அதில் சுமார் 800 கிடைக்கும். மீதியை ஏறத்தாழ 80 கிராம் துவரம்பருப்பு தந்துவிடும். பருப்பில் சற்றே குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சொல்கிறது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து போடும் வீடுகள் இதற்கு அதிக தூரத்தில் இல்லை. தண்ணீராய் ஓடும் சாம்பார்தான் வெகுதூரம் போய்விட்டது.

இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்து உண்ண வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1971-ல் அந்தக் கருத்தைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் பிரான்சஸ் மூர் லாப்பே, 1981 பதிப்பில் தாமே அதைத் திருத்திக்கொண்டார். காலையில் தின்ற பருப்பு இரவுச் சோற்றுக்கும் உதவும். பிசிஏஏ பவுடர் போதாதா என்று ஜிம்முக்குப் போகிறவர்கள் கேட்கலாம். அதில் இருப்பவை லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்றுதான். மற்ற ஆறும் உணவில் வராவிட்டால், உடல் தன் தசையையே கரைத்துத்தான் அவற்றை எடுக்க வேண்டும். வேர்க்கடலையும் புரதம்தானே என்பவர்களுக்கு ஒரு சிறு ஏமாற்றம்: கிராம் புரதத்துக்கு இவ்வளவு லைசின் என்று பார்த்தால், அது அரிசியைவிடப் பெரிதாக மேல் இல்லை. முட்டையும் பாலும் மீனும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

வலுவான எதிர்வாதம் விலைதான். பருப்பு விற்கும் விலையில் ஆளுக்கு 80 கிராம் எங்கே போவது? இந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் இதை வீட்டுச் சமையலறையோடு முடித்துவிட முடியாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் நான்கு பெரியவர்கள் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. ஆளுக்கு நாளைக்கு 8 கிராம் பருப்புதான் வருகிறது. மூன்றுக்கு ஒன்று எங்கே, இருபதுக்கு ஒன்று எங்கே? அரிசியில் ஓரிரு கிலோவைக் குறைத்தாவது அரசு பருப்பைக் கூட்ட வேண்டும்.