பழத்தை மூடுவோம்; பறவையைப் பகைக்க வேண்டா

பால்மரம் வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய், லயத்தின் பின்புறத்துக் கொய்யா மரத்தை அண்ணாந்து பார்க்கிறாள். "நாளைக்குப் பறிக்கலாம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த பழம் பாதி கொத்தப்பட்டுத் தொங்குகிறது. மீதியில் எறும்பு மொய்க்கிறது. நம் தோட்டங்களில் அடிக்கடி காணும் காட்சி இது. மாதக்கணக்கில் காத்திருந்த பழத்தைக் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய தாளும் துணியுமே போதும்.

வீட்டுத் தோட்டமும் பறவைகளும்

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் உணவுப் பயிர் வளர்க்க மக்களை ஊக்குவிக்கும் பொருட்டு, 1974 ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். அதற்கும் முன்பிருந்தே நம்மவர் லயத்தின் பின்புறத்தில் முருங்கை, வாழை, கொய்யா முதலியவற்றை வளர்த்து வந்துள்ளனர். இன்று பிரிக்பீல்ட்ஸ் போன்ற நகர்ப்புறங்களில் இடமில்லாதோரும் தொட்டியில் ஒரு மல்பெரிச் செடியாவது வைத்துப் பார்க்க விரும்புகின்றனர்.

பழம் கனிந்தால் பறவை வருவது இயல்பே. மைனா, கொண்டைக்குருவி, குயில், காகம் ஆகியவை நாம் எழும் முன்பே வந்துவிடுகின்றன. இவற்றுள் காகத்தின் கதை தோட்ட வரலாற்றோடு சேர்ந்தது. 1890களில் கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அழித்தபோது, அவற்றைத் தின்று ஒழிக்கும் என நம்பி இலங்கையிலிருந்து வீட்டுக் காகங்களைக் கொண்டுவந்தனர். காப்பி மறைந்தது, ரப்பர் வந்தது, காகமோ நிலைத்துவிட்டது. புழுவைத் தின்ன அழைத்து வந்த பறவை இன்று பழத்தையும் தின்கிறது. ஒரு தொல்லையை நீக்க அவசரப்பட்டுச் செய்யும் செயல் மற்றொரு தொல்லையாக முடியக்கூடும் என்பதற்கு இது நல்லதொரு பாடமாகும்.

மரம் முழுவதும் வலை வேண்டுமா?

சிலர் பழைய மீன்வலையை மரத்தின்மீது போர்த்துகின்றனர். தளர்ந்து தொங்கும் அகன்ற கண் வலையில் கால் சிக்கிய பறவை துடிதுடித்து மடிகிறது. இரவில் எலியை வேட்டையாட வரும் ஆந்தையும் பாம்பும் அதில் அகப்படக்கூடும். மைனாவும் கொண்டைக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையும் ஊட்டுகின்றன. அவை மடிந்தால் நம் கீரைப் பாத்திக்கே இழப்பு. மேலும், நம் நாட்டுப் பறவைகள் பல 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. நஞ்சு கலந்த சோறு வைப்பது இதனினும் கொடிது. அதனைக் கோழியும் தின்னும். தவழும் குழந்தையும் எடுத்து வாயில் வைக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்கு இடும் வலையின் கண் 5 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என 2021 செப்டம்பர் முதல் விதித்துள்ளனர். சுண்டுவிரல் நுழையும் வலை ஆகாது என்று நாம் எளிதாக நினைவில் கொள்ளலாம்.

பால்மரத்துக்கு மழைத்தடுப்புக் கட்டும்போது மரம் முழுவதற்குமா குடை பிடிக்கிறோம்? வெட்டும் பட்டைக்கு மேலே மட்டும் கட்டுகிறோம். பழத்திற்கும் அதுவே முறை. மரத்தை விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் மூடுவோம்.

தாள் உறை செய்யும் முறை

பழைய நாளிதழ்த் தாளை இரண்டாக மடித்து, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பையாக ஒட்டிக்கொள்க. மரவள்ளி மாவைக் காய்ச்சிய கூழே பசையாகும். மழை மிகுந்த மாதங்களில் சிமெண்டுப் பையின் உட்புறத் தாளைத் தூசி தட்டிப் பயன்படுத்தினால் எளிதில் கிழியாது. அடியில் இரண்டு சிறு துளைகள் இடுக. உள்ளே நீர் தேங்கினால் பழம் அழுகிவிடும். துளையில்லாத பிளாஸ்டிக் பையும் இதனாலேயே ஏற்றதன்று.

கொய்யாப் பிஞ்சு சிறு எலுமிச்சையளவு வளர்ந்ததும், பெலிம்பிங் என்னும் நட்சத்திரப் பழம் விரல் நீளம் வந்ததும் உறையிடுக. பழுக்கும்வரை காத்திருந்தால் பழ ஈ முந்திக்கொள்ளும். அது தோலைத் துளைத்து முட்டையிடுவதால்தான் வெளியே அழகாயிருக்கும் பழத்தினுள் புழு நெளிகிறது. நம் நாட்டில் நட்சத்திரப் பழத்தை விற்பனைக்குப் பயிரிடுவோர் ஒவ்வொரு பிஞ்சையும் உறையில் பொதிவது முக்கியமாக இந்த ஈயின் பொருட்டேயாம்.

முதலில் பிஞ்சைத் துடைத்து, எறும்பும் மாவுப்பூச்சியும் இல்லையென உறுதி செய்க. பின்பு உறையின் வாயைக் காம்போடு சேர்த்து வாழைநாரால் கட்டுக. மிக இறுக்கினால் காம்பு ஒடியும். தளர்த்தினால் பூச்சி நுழையும். வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு உறைகளைத் திறந்து பார்ப்பது நன்று.

மல்பெரியும் பெரும் பழங்களும்

மல்பெரிப் பழம் சிறியது. ஒவ்வொன்றாக மூட இயலாது. பழைய கொசுவலையை நீண்ட பைபோல் தைத்து, காய் பிடித்த கிளைக்கே சட்டைபோல் மாட்டி இருமுனையும் கட்டிவிடலாம். அதன் கண் நுண்ணியது, பறவை சிக்காது, காற்றும் வெளிச்சமும் புகும்.

பலா, செம்படாக் ஆகியவற்றுக்குக் கம்பத்து மலாய் மக்கள் தென்னை ஓலையால் உறை பின்னிப் போடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நாமும் அதனைக் கற்றுக்கொள்ளலாம். அணிலும் எலியும் தாளைக் கடித்துவிடும் இடங்களில் உறைக்கு மேல் மெல்லிய கம்பிவலையைச் சுற்றுவதே வழி.

பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை

1998, 1999 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் பரவிய நிப்பா நோய் 105 உயிர்களைப் பறித்தது. அக்கிருமி பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றியது. அந்நோய் அப்போதே அடங்கிவிட்டதெனினும் அதன் பாடத்தை நாம் மறத்தலாகாது. வௌவாலோ பறவையோ கடித்துக் கீழே விழுந்த பழத்தைக் கழுவியோ, கடிபட்ட பகுதியை நறுக்கியோ உண்ண வேண்டா. குழியில் இட்டு மூடிவிடுக. "அணில் கடித்ததுதான் இனிக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். முழுமையாய்க் காக்கப்பட்ட பழம் அவர்கள் கைக்குக் கிட்டினால், கீழே கிடப்பதை அவர்கள் ஏன் தேடப் போகிறார்கள்?

லயத்தின் ஓரத்தில் தானே முளைத்து நிற்கும் செரி மரத்தை வெட்டாதிருப்போம். அதன் சிறு பழங்களைப் பறவைகள் விரும்பி உண்ணும். அது அவற்றின் பங்கு; உறையிட்டது நம் பங்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்துப் பத்து உறைகள் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தன் உறைமீது எழுதட்டும். அப்பழம் கனியும் நாளை அவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.