உங்களுக்குத் தெரியுமா? மாஹே சரக்கும் 'இறக்குமதி'தான்!

● கொச்சி ராஜாக்கள் முடிசூடிய மட்டாஞ்சேரி அரண்மனை இன்று அருங்காட்சியகம். ஆனால் அவர்கள் போட்ட சட்டம் ஒன்று இன்னும் நடமாடுகிறது. கேரளத்தில் மதுவை யார் காய்ச்சலாம், யார் விற்கலாம், வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் ஆதாரம் 1902-இல் கொச்சி ராஜா பிறப்பித்த அப்காரிச் சட்டம்தான். கொல்லம் ஆண்டு 1077-இன் முதல் சட்டம் அது. 1967-இல் மாநிலம் முழுமைக்கும் விரித்தார்கள்.

● அந்தச் சட்டப்படி கள்ளும் சாராயமும் 'நாட்டு மது'. சாராயத்துக்கு 1996-இலேயே தடை வந்துவிட்டதால் மிச்சம் கள் மட்டும். இந்த இரண்டும் தவிர மற்றதெல்லாம் 'வெளிநாட்டு மது'! திருவல்லாவில் அரசு ஆலையிலேயே தயாராகும் ஜவான் ரம்முக்கும், பிரான்ஸிலிருந்து வரும் பச்சை நிற அப்சிந்துக்கும் தாய்ச் சட்டத்தில் ஒரே பெயர்.

● 'இறக்குமதி' என்றதும் கப்பல்தானே ஞாபகம் வரும்? இந்தச் சட்டத்தில் மாநில எல்லைக்குள் கொண்டுவந்தாலே இறக்குமதி. கேரளத்துக்கு நடுவே இருக்கும் புதுச்சேரிப் பகுதியான மாஹேயில் மலிவாக வாங்கிப் பைக்குள் செருகிக் கொண்டுவந்தாலும் சரி, கோவை டாஸ்மாக் குவார்ட்டர் வாளையாரைத் தாண்டினாலும் சரி.

● உண்மையான வெளிநாட்டுப் பாட்டிலுக்கு இரண்டு வாசல். சுங்கம் மத்திய அரசின் பட்டியல். மது மாநிலத்தின் பட்டியல். வெளிநாட்டிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையத்தில் இறங்கும் பயணிக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி கிடையாது. வாங்கவோ குடிக்கவோ கேரளத்தில் 23 வயது ஆகியிருக்க வேண்டும்.

● அப்சிந்துக்கு அவ்வளவு கெட்ட பெயர் ஏன்? 1905-இல் சுவிட்சர்லாந்தில் ஒருவன் மனைவியையும் இரண்டு மகள்களையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்ததில் பெரும்பகுதி ஒயின். பழி விழுந்தது அப்சிந்தின் மேல். அங்கே 1910-இல் அமலான தடை 2005-இல்தான் விலகியது. அப்சிந்தில் சேரும் கசப்பு மூலிகை வேறு யாருமல்ல, நம் மரிக்கொழுந்தின் பங்காளி. தண்ணீர் விட்டதும் பால்போல் வெளுக்க வைப்பது சோம்பு எண்ணெய். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக மணக்குமே, அதே சோம்பு வாசம்தான்.

● மட்டாஞ்சேரி யூதர்கள் ஓய்வுநாள் சடங்குக்கு உலர்திராட்சையில் ஒயின் செய்து வந்தார்கள். கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் பரணில் ஜாடி ஊறும். 2019 டிசம்பரில் கலால் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது: வீட்டில் ஒயின் போடுவது ஜாமீனில் வர முடியாத குற்றம். தேவாலயப் பூசைக்கான திராட்சை ரசத்துக்கு மட்டும் தனி விதி, தனி உரிமம்.