களைத்துப் போகும் எந்திரம்

எந்திரத்துக்குக் களைப்பு உண்டா? மாட்டுக்கு உண்டு. காலையில் ஏர் பூட்டினால் உச்சிப்பொழுதில் அதன் நடை தளரும். நிழலில் கட்டித் தண்ணீர் காட்டினால் மறுபடியும் தெம்பு வரும். இரும்பால் ஆன ஒன்று அப்படி நடந்துகொள்ளுமா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊராரின் புல்வெளிகளை வெட்டிக் கொடுத்துப் பிழைப்பவர். அதற்கென ஏறி அமர்ந்து ஓட்டும் எந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் அது துள்ளிக்கொண்டு ஓடும். முக்கால் மணி நேரம் ஆனதும் மேட்டில் ஏற முடியாமல் திணறும். எஞ்சினின் இரைச்சலில் மாற்றமே இல்லை. சக்கரம்தான் சுற்ற மறுக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஓடும். ஒரு நாள், கீழே குளம் இருந்த ஒரு சரிவில், ஏறிக்கொண்டிருந்த எந்திரம் நின்று, மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கிவிட்டது. நல்ல வேளையாகப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஐயா, இதில் என்ன இயற்பியல் இருக்கிறது?" என்று கேட்டார் மாணவர். நிறையவே இருக்கிறது.

முதலில் எந்திரத்தைப் பார்ப்போம். இதில் ஸ்டியரிங் வட்டு கிடையாது. ஓட்டுபவரின் இரு பக்கமும் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. இடக் கைக் கோல் இடப் பின்சக்கரத்தையும், வலக் கைக் கோல் வலப் பின்சக்கரத்தையும் ஆளும். முன்சக்கரங்கள் நாற்காலிச் சக்கரங்களைப் போல எந்தப் பக்கமும் திரும்பக்கூடியவை. ஒரு பின்சக்கரம் முன்னோக்கியும் மற்றது அதே வேகத்தில் பின்னோக்கியும் சுற்றினால் எந்திரம் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் திரும்பும். திரும்பும் வட்டத்தின் ஆரம் சுழி. அதனால்தான் இவ்வகைக்குச் 'சுழி ஆரத் திருப்ப' எந்திரம் என்று பெயர். 1963-ல் மிசௌரி மாநிலத்தில் மாக்ஸ் ஸ்விஷர் என்பவர் இத்தகைய எந்திரத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் ஹெஸ்ட்டன் நகரில் ஜான் ரெஜியர் என்பவர் தம் முறையில் ஒன்றைச் செய்தார்.

சக்கரத்தை முன்னும் பின்னும், எந்த வேகத்திலும், கியர் மாற்றாமல் சுற்றுவது எப்படி? பெரும்பாலான பெட்ரோல் எந்திரங்களில் அந்த வேலையைச் செய்வது எண்ணெய். எஞ்சின் ஒரு பெல்ட்டின் மூலம் இரண்டு பம்புகளைச் சுற்றுகிறது. ஒவ்வொரு பம்பும் எண்ணெயை ஒரு மோட்டாருக்குத் தள்ளுகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. எண்ணெய் திரும்பப் பம்புக்கே வருகிறது. இதற்கு நீர்மநிலைச் செலுத்தம் என்று பெயர். பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்ற அதே விதிதான் இங்கே வேலை செய்கிறது.

பம்பின் உட்புறம் மிக அழகானது. சுழலும் ஓர் எஃகு உருளையில், ரிவால்வரின் குண்டறைகளைப் போல வட்டமாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு பிஸ்டன். பிஸ்டன்களின் முனைகள் சாயக்கூடிய ஒரு தட்டின்மேல் அழுந்தி நிற்கின்றன. தட்டு நேராக இருந்தால் உருளை சுற்றினாலும் பிஸ்டன்கள் அசையா, எண்ணெய் ஓடாது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்த்தால் ஒரு சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு முறை உள்ளே போய் வெளியே வரும், எண்ணெய் ஓடும். சாய்வு கூடக்கூட ஓட்டம் கூடும். எதிர்ப்புறம் சாய்த்தால் ஓட்டமும் எதிர்த் திசையில். ஓட்டுபவர் நெம்புகோலைத் தள்ளும்போது உண்மையில் செய்வது இந்தத் தட்டைச் சாய்ப்பதுதான்.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். என் வகுப்பிலும் பலர் தடுக்கி விழும் இடம் இது. பம்பு தருவது ஓட்டம். அழுத்தத்தை உண்டாக்குவது சுமை. சமதரையில் சக்கரம் எளிதாகச் சுற்றும்போது அழுத்தம் குறைவு. மேட்டில் ஏறும்போது சக்கரம் எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பைச் சமாளிக்கும்வரை அழுத்தம் ஏறுகிறது. எந்திரமும் ஆளும் சேர்ந்து 500 கி.கி. என்று கொள்வோம். 15 டிகிரிச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 130 கி.கி. எடைக்குச் சமம். அவ்வளவையும் தாங்குவது எண்ணெயின் அழுத்தம்தான்.

அழுத்தம் ஏறினால் எண்ணெய் தப்பிக்க வழி தேடும். பிஸ்டனுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருந்தே தீரும். அது இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். எண்ணெய்ப் படலமும் இராது. அந்த இடுக்கு வழியாகக் கசிவு எப்போதும் உண்டு. அதன் அளவு அழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும், எண்ணெயின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும், இடைவெளியின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். மும்மடி என்பதைக் கவனியுங்கள். தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பம்பு ஒரு சுற்றுக்கு 10 கன செ.மீ. எண்ணெயைத் தள்ளுகிறது, நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது எனக் கொள்வோம். நிமிடத்துக்கு 30 லிட்டர். அதில் 2 லிட்டர் கசிந்தால் மோட்டாருக்குப் போவது 28. வேகம் சற்றே குறையும், அவ்வளவுதானே? இல்லை. அழுத்தம் 100 வளிமண்டல அளவு இருக்கும்போது கசியும் அந்த 2 லிட்டர் எந்த வேலையும் செய்யவில்லை. அதன் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும்: ஏறக்குறைய 330 வாட். பழைய 100 வாட் குண்டு பல்புகள் மூன்றுக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் இடைவிடாமல் எரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

வெப்பம் ஏறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். தோசைக்கல்லில் ஊற்றிய நல்லெண்ணெய் சூடேறியதும் எப்படி ஓடுகிறது! இவ்வகை எந்திரங்கள் பலவற்றில் ஊற்றப்படும் 20 டபிள்யூ-50 எண்ணெயின் பாகுநிலை, 40 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது எட்டு, ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. பாகுநிலை குறைந்தால் கசிவு கூடும். கசிவு கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் பாகுநிலை மேலும் குறையும். நாய் தன் வாலைத் துரத்துவதுபோல ஒன்றையொன்று துரத்துகின்றன. பெரியவரின் எந்திரம் களைத்த காரணம் இதுதான். நிறுத்தி வைத்தபோது எண்ணெய் குளிர்ந்து மீண்டும் கெட்டியாயிற்று, தெம்பு வந்தது.

இந்தச் சுழலை நிறுத்துவது எது? பெட்டியிலிருந்து வெளியேறும் வெப்பம். அதற்காகவே பெட்டியின் மேல் உலோக விலா எலும்புகள் போன்ற மடிப்புகளும் ஒரு சிறு விசிறியும் வைத்திருக்கிறார்கள். புல்வெட்டும் எந்திரத்தில் எது அதிகம் பறக்கும்? புல்தூள். அது மடிப்புகளின் இடுக்கில் புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் படிகிறது. விசிறி சுற்றினாலும் பயனில்லை. ஆகவே பராமரிப்பில் முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், எண்ணெய் மாற்றுவதற்கு அல்ல, துடைப்பத்துக்கு என்பேன். எந்திரம் ஆறியபின் தூரிகையாலோ காற்றாலோ மடிப்புகளைச் சுத்தம் செய்வதும், விசிறியின் இதழ்கள் ஒடியாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் காசில்லாத வைத்தியம்.

எண்ணெய் மட்டத்தை எந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 3 லிட்டர் எண்ணெய் 60 டிகிரி சூடேறினால் அதன் பருமன் 120 கன செ.மீ. அளவுக்கு விரியும். சூட்டில் பார்த்து "போதும்" என்று விட்டால் குளிரில் குறைவாக இருக்கும். நிறமும் பேசும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது. எண்ணெயும் வடிகட்டியும் மாற்றக்கூடிய பல தயாரிப்புகளில் முதல் மாற்றம் 75 முதல் 100 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 400 மணி நேரத்துக்கு ஒரு முறையும் என்று கையேட்டில் இருக்கும். முதல் முறை ஏன் அவ்வளவு சீக்கிரம்? புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகும்போது உலோகத் துகள் உதிரும். அது மறுபடி இடுக்கில் நுழைந்தால் சாணைக்கல் வேலையைச் செய்யும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

எண்ணெய் மாற்றியதும் எந்திரம் முன்னைவிட மோசமாக, இரைந்துகொண்டு, விக்கி விக்கி ஓடுவதுண்டு. குற்றவாளி காற்று. வீட்டிலேயே சோதிக்கலாம். ஊசி இல்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணைத்து, காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். இப்போது ஒரு பெரிய காற்றுக் குமிழியை உள்ளே விட்டு, எதிர்ச் சிரிஞ்சை நண்பரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அழுத்துங்கள். உங்கள் கை நகரும். அவர் கை நகராது. 100 வளிமண்டல அழுத்தத்தில் எண்ணெயின் பருமன் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. காற்றோ, வெப்பநிலை மாறாதிருந்தால், பாயில் விதிப்படி நூறில் ஒரு பங்காகிவிடும். பிஸ்டனின் உழைப்பெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

அந்தக் காற்றை வெளியேற்ற, பின்சக்கரங்கள் தரையில் படாதபடி எந்திரத்தைத் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்துவார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் குறுக்கு வழி விடும் வால்வைத் திறந்து, எஞ்சினை ஓட்டி, நெம்புகோல்களை மெதுவாக ஐந்தாறு முறை முன்னும் பின்னும் தள்ளுவார்கள். பிறகு வால்வை மூடி அதையே மீண்டும் செய்வார்கள். காற்று மேலே போக, எண்ணெய் மட்டம் இறங்கும். அதை நிரப்ப வேண்டும். எஞ்சின் ஓடாதபோது எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகவும் இதே வால்வைத்தான் திறக்கிறார்கள். திறந்ததை மூட மறந்து சரிவில் ஏற்றினால் சக்கரத்துக்கு உந்துதலும் இல்லை, தடையும் இல்லை. ஏனென்றால் இவ்வண்டியை ஓட்டத்தில் நிறுத்துவதும் அடைபட்ட எண்ணெய்தான்.

இன்னோர் எச்சரிக்கை. குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். வலி குறைவென்று வீட்டில் இருந்துவிட்டால் விரலையே இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

நம் காவிரிப் படுகையில் அறுவடைக்கு வரும் பட்டைச் சக்கர எந்திரங்கள் பலவற்றிலும் இதே செலுத்தம் உண்டு. அங்கே புல்லுக்குப் பதில் வைக்கோல் தூள்.

பெரியவரின் எந்திரத்துக்கு வருவோம். இரு சக்கரமும் ஒன்றாகத் தளர்ந்தால் பெல்ட் வழுக்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். பெல்ட் நன்றாக இருந்தது. தளர்ந்தது வலச் சக்கரம் மட்டும்தான். அப்பக்கத்து மடிப்புகளில் ஒரு விரல் கனத்துக்குப் புல்தூள். விசிறியில் இரண்டு இதழ்களைக் காணோம். சுத்தம் செய்து, புது விசிறி பொருத்தி, எண்ணெயும் வடிகட்டியும் மாற்றினார்கள். இப்போது ஒன்றேகால் மணி நேரம் தாங்குகிறது. அதன்பின் மீண்டும் மெல்லத் தளர்கிறது. இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றலாமா என்று மாணவர் கேட்டார். கூடாது என்றேன். குளிர்காலக் காலையில் அது பம்புக்குள் உறிஞ்சப்படவே தாமதமாகும். பிஸ்டன்கள் வறண்டு தேயும். இத்தனை நாள் சூட்டில் ஓடியதில் இடைவெளி விரிந்துவிட்டது. விரிந்ததை எண்ணெய் அடைக்காது. வலப் பம்பை மாற்றும்வரை குளத்துச் சரிவுப் பக்கம் போக வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.