முன்னுரிமை கேட்பவரெல்லாம் உரியவரா?

நம் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஐ.பி. தொலைபேசி, கணினி, கேமரா எல்லாம் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் இணைகின்றன. ஒரு கணினி பெரிய வீடியோவை அனுப்பினால், நெரிசலில் தொலைபேசிப் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். வீடியோ சற்றுத் தாமதமாகலாம். பேச்சு தாமதமாகக் கூடாது. இதை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடே கியூ.ஓ.எஸ்.

ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பிலும் டி.எஸ்.சி.பி. என்ற எண் உண்டு. 0 முதல் 63 வரை. சாதாரணத் தரவுக்கு 0, குரலுக்கு வழக்கமாக 46.

ஆனால் இந்த எண்ணை அனுப்பும் கருவியே எழுதிக்கொள்ள முடியும். எல்லாக் கருவிகளும் 46 என்று எழுதிக்கொண்டால் முன்னுரிமைக்குப் பொருளே இல்லை. எனவே, தரவு உள்ளே வரும் போர்ட்டிலேயே ஸ்விட்ச் அதைச் சோதிக்குமாறு நாம் அமைக்க வேண்டும். தொலைபேசி உள்ள போர்ட்டில் வரும் எண்ணை நம்பலாம். கணினிகளும் விருந்தினர்களும் பயன்படுத்தும் போர்ட்டுகளில் அதை 0 ஆக்கிவிடலாம். அளவு மீறி அனுப்பும் போர்ட்டுக்கு வேக வரம்பும் வைக்கலாம்.

உள்ளே வரும்போது இப்படித் தரம் பிரித்தால்தான், வெளியேறும் வரிசையில் பேச்சு முந்திச் செல்லும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்வோம்: கியூ.ஓ.எஸ். புதிய வேகத்தைத் தராது. இருக்கும் வேகத்தை உரியவருக்கு முதலில் தரும்.